மும்பைக் கடல் தேறிவருகிறதா? எதை வைத்துச் சொல்வது?

வெர்சோவா வாசகர், 2 ஜூன் 2025

வெர்சோவாவில் நெடுங்காலமாகக் குடியிருக்கிறேன். 2015இல் வழக்கறிஞர் அஃப்ரோஸ் ஷா தொடங்கிய துப்புரவுப் பணிக்கு முன்னால் இந்தக் கடற்கரையில் மணல் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. 2018இல் பங்குனி ஆமைக் குஞ்சுகள் இங்கே பொரித்துக் கடலுக்குள் போயின. ஆகவே நம் கடல் தேறிவிட்டது என்றே நான் சொல்வேன். மறுப்பவர்கள் எதை வைத்து மறுக்கிறார்கள்?

2 ஜூன், இரவு

வெர்சோவா வாசகருக்கு, கடலோர நீர்ப் பரிசோதனைக் கூடங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

மணல் மீண்டது உண்மை, அது பெரிய காரியம். ஆனால் மணலில் கிடக்கும் பிளாஸ்டிக்கை அகற்றுவதும் கடல் நீரின் நிலை மாறுவதும் இரண்டு தனி விஷயங்கள். மும்பையின் கழிவுநீரில் பெரும்பகுதி கொலாபா, வொர்லி, பாந்த்ரா, வெர்சோவா, மலாடு, காட்கோபர், பாண்டுப் என்று ஏழு இடங்களில் திரட்டப்பட்டுக் கடலிலோ கழிமுகங்களிலோ விடப்பட்டுவருகிறது. வொர்லியிலும் பாந்த்ராவிலும் கடலடியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் நீளும் குழாய்கள் வழியாக அது வெளியேறுகிறது. அங்கே நெடுங்காலமாக நடந்துவந்த சுத்திகரிப்பு என்பது குப்பையை வடிகட்டுவதும் மண்ணைப் படிய வைப்பதும்தான். மற்றதைக் கடல் கலைத்துக்கொள்ளும் என்பதே அந்த அமைப்பின் அடிப்படை. கிருமிகளைப் பொறுத்தவரை இது ஓரளவு நடக்கவும் செய்கிறது. உப்பும் வெயிலும் அவற்றில் பலவற்றைக் கொன்றுவிடும். நைட்ரஜன் அப்படி மறைந்துபோவதில்லை. கலைந்து பரவிய பிறகும் அது நுண்பாசிக்கு உரமாகவே நிற்கிறது. அந்தப் பாசி செத்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும்.

ஆமை முட்டையிட வருவதற்கு மணல், இருட்டு, அமைதி ஆகியவை வேண்டும். அது வந்ததை வைத்துக் கரையைப் பற்றிச் சொல்லலாம். மூன்று கிலோமீட்டர் அப்பால் இருக்கும் கடலடியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

3 ஜூன்

"அப்படியானால் எதை அளப்பது?" என்று செம்பூர் அன்பர் கேட்டிருக்கிறார். முதலில் அளப்பது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை. வாளியில் மொண்டு எடுத்துப் போய் அளக்கும் காரியம் அன்று அது. கண்ணாடி மூடியுள்ள குறுகிய கழுத்துப் புட்டியில், அடியிலிருந்து நீர் நிரம்பி மேலே வழிய விட்டு, ஒரு காற்றுக் குமிழிகூட உள்ளே தங்காமல் மூட வேண்டும். படகிலேயே மாங்கனீசு சல்பேட்டையும் காரமான அயோடைடு கரைசலையும் சேர்த்துப் புட்டியைத் தலைகீழாகப் புரட்டினால் உள்ளே ஒரு படிவு திரளும். ஆக்சிஜன் நிறைந்த நீரில் அந்தப் படிவு காப்பி நிறத்தில் இருக்கும். ஆக்சிஜன் குறையக் குறைய நிறம் வெளுக்கும். அறவே இல்லாத நீரில் பால் வெள்ளையாகவே நிற்கும். எண்ணிக்கை பிறகு கூடத்தில் வரும். ஆனால் பழகிய கண்ணுக்கு அந்த நிறமே போதும். மாஹிம் கழிமுகத்தில், கடல் நீர் வடியும் வற்றத்தின் கடைசி வேளையில் எடுத்த புட்டிகள் வெள்ளையாக நின்றதைக் கண்டிருக்கிறேன். மூடியைத் திறக்கும்போது அழுகிய முட்டை நாற்றமும் வரும். அதே இடத்தில் ஏற்றத்தின் உச்சியில் எடுத்தால் புட்டி பழுப்பாகிவிடும்.

இந்தக் கடைசி வாக்கியத்தைத் தயவுசெய்து மீண்டும் ஒரு முறை படியுங்கள். மும்பையில் பெரிய ஓத நாட்களில் நீர்மட்டம் ஐந்து மீட்டர் வரை ஏறி இறங்குகிறது. ஏற்றத்தில் உள்ளே வருவது திறந்த கடலின் நீர். வற்றத்தில் வெளியேறுவது மித்தி ஆறும் சாக்கடைகளும் சேர்ந்த நீர். ஒரே நாளில், ஒரே இடத்தில், இரண்டு எதிரெதிரான அறிக்கைகளை உண்மை பிறழாமல் எழுத முடியும். நான் முன்பு வேலை செய்த ஒரு தனியார் ஆய்வகத்தில், வாடிக்கையாளரின் மனம் கோணாதபடி ஏற்றத்திலேயே மாதிரி எடுத்து வரச் சொல்வது வழக்கமாக இருந்தது. எண்களில் ஒன்றுகூடப் பொய்யில்லை. ஓதம் எது என்ற பத்தி மட்டும் அந்தப் படிவத்தில் இருக்காது.

5 ஜூன்

தர வரையறை உண்டா என்ற கேள்விக்குச் சுருக்கமாக: உண்டு. நம் நாட்டில் கடலோர நீரைப் பயன்பாட்டை ஒட்டி ஐந்து வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். குளிப்பதற்கும் வணிக மீன்பிடிப்புக்கும் உரியது இரண்டாம் வகுப்பு. அதற்கு லிட்டருக்கு 4 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். மலக்கிருமிக் குறியீடு 100 மில்லிலிட்டருக்கு 100ஐத் தாண்டக் கூடாது. இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இந்த வகுப்புகள் மனிதருக்கு நீர் எதற்குப் பயன்படும் என்று கேட்கின்றன. அங்கே வாழும் உயிர்களுக்கு அது போதுமா என்ற கேள்வி அவற்றில் ஓரமாகவே நிற்கிறது. துறைமுகத்துக்கான வகுப்பில் தேறிவிட்ட நீர் நலமான நீர் ஆகிவிடாது.

11 ஜூன்

கன்னியாகுமரியிலிருந்து வந்து இங்கே வசிக்கும் ஒருவர், ஊர்க் கடற்கரையில் ஒதுங்கிய வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எம்எஸ்சி எல்சா 3 கப்பலில் 640 கொள்கலன்கள் இருந்தன. அந்த மணிகள் அதிலிருந்து வந்தவை. மும்பையும் இத்தகைய விபத்தைக் கண்ட ஊர்தான். 2010 ஆகஸ்ட் 7 அன்று எம்எஸ்சி சித்ராவும் கலிஜியாவும் துறைமுக வாயிலில் மோதிக்கொண்டு எண்ணெய் கொட்டியது. அலையாத்தி மரங்களின் மூச்சு வேர்களில் எண்ணெய் அப்பிக்கிடந்ததை அந்த நாட்களில் கரையோரம் போனவர்கள் மறக்க மாட்டார்கள். மூச்சு வேர் அடைபட்டால் அந்த மரம் சேற்றுக்குள் மூச்சுத் திணறும்.

விபத்துகளைப் பற்றி இதற்கு மேல் இங்கே எழுதப் போவதில்லை. அவை நடந்தால் ஊரே பார்க்கிறது, விசாரணை வருகிறது. அன்றாடம் குழாயில் போவதை யாரும் பார்ப்பதில்லை என்பதால்தான் இந்த உரையாடல் இழையில் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

29 ஜூன்

ஆக்சிஜனைப் பற்றி எழுதியதோடு நிறுத்தியிருந்தால் பாதி விஷயத்தைத்தான் சொன்னவனாவேன். நீர் அந்த வேளையின் நிலையை மட்டும் காட்டும். மாதங்களின், ஆண்டுகளின் நிலையைக் காட்டுவது கடலடிச் சேறு.

படகிலிருந்து தாடை போல் மூடிக்கொள்ளும் இரும்புப் பிடியை இறக்கினால் ஒரு குறிப்பிட்ட பரப்பின் சேற்றை அள்ளிக்கொண்டு வரும். அந்தச் சேற்றை அரை மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடையில் கடல் நீரை ஊற்றி அலச வேண்டும். களி எல்லாம் கரைந்து போனபின் சல்லடையில் நிற்பது சிப்பித் துண்டுகள், இலைச் சருகு, இவற்றுக்கிடையே புழுக்கள். ஃபார்மலினில் ரோஸ் பெங்கால் சாயம் கலந்து அதில் போட்டு வைத்தால், உயிரோடு இருந்தவை மட்டும் இளஞ்சிவப்பாகிவிடும். பிறகு வெள்ளைத் தட்டில் பரப்பி இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிரிப்பார்கள். கண்ணும் கழுத்தும் வலிக்கும் வேலை. இளையவர்கள் இதற்கு வர மறுப்பதில் வியப்பில்லை, ஆனால் கடலைப் பற்றி நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி அந்தத் தட்டிலிருந்து வந்தது.

நல்ல சேற்றில் பலவகை உயிர்கள் இருக்கும்: நீளமான புழு, குழாய் கட்டி வாழும் புழு, சிறு சிப்பி, நட்சத்திர மீனைப் போன்ற நொறுங்குநட்சத்திரம், நண்டின் குஞ்சு. எந்த வகையும் மிகப் பெரிய எண்ணிக்கையில் இருக்காது. கழிவு படியும் இடத்தில் வகைகள் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் கேபிடெல்லா போன்ற ஓரிரு வகைச் சிறு புழுக்கள் மட்டும் ஆயிரக்கணக்கில் பெருகி நிற்கும். உயிர்களின் மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் இந்த இடத்தைச் செழிப்பானது என்று எழுதிவிடுவார். வகைகளை எண்ணுபவருக்குத்தான் நோய் தெரியும். நீர் மாதிரியை ஓதம் பார்த்து எடுக்கலாம். சேற்றை அப்படி நாள் பார்த்து நல்லதாக்க முடியாது. எந்தத் திட்டத்தின் சுற்றுச்சூழல் அறிக்கை கையில் வந்தாலும் நான் முதலில் புரட்டுவது கடலடி உயிர்கள் பற்றிய அட்டவணையைத்தான்.

14 ஜூலை

ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் தொலைபேசியில் ஒரு தடை எழுப்பினார். அது இங்கே பதிவாக வேண்டும். "ஆக்சிஜன் குறைவெல்லாம் சாக்கடையால் வந்தது போல எழுதுகிறாயே, அரபிக்கடலின் இயல்பு என்ன?" என்றார்.

அவர் சொல்வது சரியான கேள்வி. அரபிக்கடலில் ஏறத்தாழ நூற்றைம்பது மீட்டருக்குக் கீழே தொடங்கி ஆயிரம் மீட்டர் ஆழம் வரைக்கும் ஆக்சிஜன் மிகக் குறைந்த ஓர் அடுக்கு இயற்கையாகவே இருக்கிறது. உலகக் கடல்களில் இத்தனை தடித்த அடுக்குகள் சிலவே. தென்மேற்குப் பருவத்தில் மேற்குக் கரையை ஒட்டி ஆழத்து நீர் மேலேறும்போது அந்த மூச்சில்லாத நீர் ஆழம் குறைந்த கரையோரத் திட்டு வரைக்கும் வந்துவிடுகிறது. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தார் கண்டோலிம் கரைக்கு அப்பால் ஒரே இடத்தில் 1997 முதல் அளந்து வருகிறார்கள். மழைக்காலத்தின் பிற்பகுதியில் அங்கே அடிநீரில் ஆக்சிஜன் அறவே அற்றுப்போய் ஹைட்ரஜன் சல்பைடு தோன்றும் ஆண்டுகள் உண்டு. அங்கே மும்பை அளவுக்குச் சாக்கடை இல்லை. 2000இல் அவர்கள் நேச்சர் இதழில் வெளியிட்ட கட்டுரை, நிலத்திலிருந்து வரும் உரமும் கழிவும் இந்த இயற்கைக் குறைவைத் தீவிரமாக்கக்கூடும் என்று எச்சரித்தது. அத்தகைய நீரிலிருந்து, பூமியைச் சூடாக்கும் வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு மிகுதியாக வெளிவருவதையும் காட்டியது.

ஆகவே செப்டம்பரில் மும்பைக்கு வெளியே எடுத்த ஒரு புட்டி வெளுத்திருந்தால் அதை மட்டும் காட்டி மாநகராட்சியைக் குற்றம் சொல்வது நியாயமாகாது. கடல் நோயுற்றிருப்பதும் கடலின் பருவமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. இரண்டையும் பிரிக்க வழி ஒன்றுதான்: ஆண்டுதோறும் அதே மாதத்தில், அதே ஓதத்தில், அதே ஆழத்தில், கழிவு சேரும் இடத்திலும் சேராத இடத்திலும் சேர்த்தே அளப்பது. பருவம் இரண்டையும் ஒரே அளவில் தாழ்த்தும். கழிவு ஒன்றை மட்டும் மேலும் தாழ்த்தும். அந்த வித்தியாசம்தான் நம்முடைய பங்கு.

15 ஜூலை

நேற்றையதோடு ஒரு வரி: கோவாவின் அந்தத் தொடருக்கு இருக்கும் மதிப்பு நுட்பமான கருவிகளால் வந்ததன்று. விடாமல் அளந்ததால் வந்தது. திட்டம் முடிந்ததும் அளவும் முடியும் இடங்களில் அந்த மதிப்பு ஒருநாளும் சேராது.

10 ஆகஸ்ட்

நாரளி பௌர்ணமி முடிந்து, கோலி மீனவர் குடியிருப்புகளான கோலிவாடாக்களில் கடலுக்குத் தேங்காய் படைத்துவிட்டுப் படகுகள் போகத் தொடங்கிவிட்டன. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலான தடைக்காலம் மேற்குக் கரைக்குப் பொதுவானது. கோலி மீனவர்களின் வழக்கம் அதற்கு வெகு காலம் முந்தையது. முட்டையிடும் பருவத்துக்குக் கடலை விட்டுவைக்க வேண்டும் என்ற அறிவு அந்த வழக்கத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது.

மீன் நிறையக் கிடைத்தால் கடல் நலம் என்று ஒரு வாசகர் எழுதியிருப்பதால் இது. மீன்வரத்தைப் படிக்கும்போது எத்தனை டன் என்பதற்கு முன்னால் எத்தனை மணி நேர உழைப்புக்கு, எவ்வளவு தூரம் போய் என்று கேட்க வேண்டும். கரையோரத்தில் டோல் என்னும் நிலையான பை வலை கட்டுபவரும் இயந்திரப் படகில் பல நாள் தங்கி இழுப்பவரும் ஒரே சந்தையில் கொட்டினால், மொத்த எடை குறையாமலே கரையோரம் வெறுமையாகிவிட முடியும். மீன்பிடித் துறைமுகமான சசூன் டாக்கில் விடியற்காலை ஏலத்தில் கூடைகளைக் கவனியுங்கள். வாவல் மீன் கூடையில் எத்தனை உள்ளங்கை அளவுக்கும் சிறியவை என்று பாருங்கள். 2023இல் மகாராஷ்டிரம் வெள்ளை வாவலை மாநில மீனாக அறிவித்தது; பிடிக்கக்கூடிய குறைந்தபட்ச அளவுகளையும் அந்த ஆண்டே பல இனங்களுக்கு விதித்தது. விதி ஏட்டில் இருக்கிறது; அளவுகோல் ஏலத் தரையில் இருக்க வேண்டும்.

பொம்பில் (பாம்பே டக்) மீன் பற்றியும் ஒரு குறிப்பு. சீனக் கடற்கரையில் ஆக்சிஜன் குறைந்த நீரில் மற்ற மீன்கள் விலகிய பிறகு இந்த மீன் பெருகுவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதன் உடலில் நீர் மிகுதி, தசை குறைவு. குறைந்த மூச்சில் காலம் தள்ளும் உடல். இங்கே அதே காரணம் வேலை செய்கிறது என்று நான் சொல்லவில்லை. ஒரு மீன் மட்டும் பெருகுவது தன்னளவில் நற்செய்தியாகாது என்பதற்கு அது சான்று.

8 செப்டம்பர்

விநாயகர் கரைப்பு முடிந்த மறுநாளிலிருந்து இழை முழுவதும் அதைப் பற்றியே இருக்கிறது. பாரிஸ் சாந்து எளிதில் கரையாது, வண்ணங்களில் உலோகம் இருக்கலாம், களிமண்ணும் செயற்கைக் குளங்களும் நல்லவை. இவை எல்லாம் சரி. ஆனால் ஆண்டில் சில நாள் நடப்பதைப் பற்றி இவ்வளவு கோபமும், ஆண்டு முழுவதும் இரவு பகலாக நடப்பதைப் பற்றி இவ்வளவு அமைதியும் ஏன் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

21 செப்டம்பர்

"சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டுகிறார்களே, பிறகென்ன கவலை?" என்ற கேள்விக்கு நிதானமாக எழுத வேண்டியிருந்தது.

2023 ஜனவரியில் ஏழு புதிய நிலையங்களுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. சேர்த்து நாளொன்றுக்கு 246 கோடி லிட்டர். முழுமையாக இயங்கத் தொடங்கினால் இந்த நகரத்தின் வரலாற்றில் கடலுக்குச் செய்யப்படும் மிகப் பெரிய நன்மை அதுதான் என்று உறுதியாக நம்புகிறேன். இருந்தாலும் மறு ஆண்டே கடல் தெளிந்துவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் இரண்டு கடல்களின் கதையை அறிந்துகொள்வது நல்லது.

பால்டிக் கடலைச் சுற்றிய நாடுகள் பனிப்போரின் நடுவிலேயே, இரு முகாம்களையும் சேர்ந்தவை ஒன்றாக உட்கார்ந்து, 1974இல் ஹெல்சிங்கியில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அன்றிலிருந்து கூட்டாக அளக்கிறார்கள், உரச்சத்து வரவை வெகுவாகக் குறைத்தும் இருக்கிறார்கள். ஆனாலும் ஆழப் பகுதிகளில் ஆக்சிஜனற்ற பரப்பு இன்னும் விரிந்து கிடக்கிறது. பல பத்தாண்டுகளாகச் சேற்றில் சேர்ந்த பாஸ்பரஸ், ஆக்சிஜன் குறையும்போதெல்லாம் மீண்டும் நீருக்குள் வருவதே காரணங்களில் ஒன்று. அந்தக் கடல் சிறிய வாயிலுள்ளது, நீர் மாற மிகவும் தாமதமாகும்.

கருங்கடலில் நடந்தது வேறு. 1970களிலும் 80களிலும் டான்யூப் கொண்டுவந்த உரத்தால் அதன் வடமேற்குத் திட்டில் கோடைதோறும் அடிவாழ் உயிர்கள் மூச்சு முட்டிச் செத்தன. 1990களின் தொடக்கத்தில் கிழக்கு ஐரோப்பியப் பொருளாதாரங்கள் சரிந்து வயலுக்குப் போடும் உரம் திடீரெனக் குறைந்தது. சில ஆண்டுகளில் அந்தச் சாவுப் பரப்பும் சுருங்கியது. யாரும் திட்டமிட்டுச் செய்யாத சோதனை. மூலத்தில் நிறுத்தினால் கடல் பதில் சொல்லும் என்று அது காட்டிவிட்டது.

மும்பை எந்தப் பக்கம் போகும்? நம்முடைய ஓதம் பெரியது, கடல் திறந்தது. ஆகவே வெளிக்கடல் ஓரம் கருங்கடலைப் போல விரைவில் மாறக்கூடும் என்று நினைக்கிறேன். மாஹிம் கழிமுகமும் தாணே கழிமுகத்தின் உட்பகுதியும் பால்டிக்கைப் போலச் சேற்றில் பழைய கணக்கை வைத்திருக்கும். அங்கே மாற்றம் தெரியப் பல ஆண்டுகள் ஆகலாம். அந்த இடைக்காலத்தில் "பணம் கொட்டியும் பயனில்லை" என்று யாராவது எழுதுவார்கள். அப்போது பதில் சொல்வதற்கு நிலையம் இயங்குவதற்கு முந்தைய அளவுகள் நம் கையில் இருக்க வேண்டும். இன்று அளக்காவிட்டால் நாளைக்கு ஒப்பிட எதுவும் இராது.

9 நவம்பர்

தாணே கழிமுகத்துக்குப் பூநாரைகள் வரும் காலம் தொடங்குவதால் படங்கள் வரத் தொடங்கியிருக்கின்றன. 2015இல் சரணாலயம், 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி. இரண்டும் தகுதியான இடத்துக்கே கிடைத்தன. ஆனால் சிறு பூநாரை உண்பது நீலப்பச்சைப் பாசியை. நகரக் கழிவின் சத்து அந்தப் பாசியை வளர்ப்பதால்தான் பறவைகள் இங்கே பெருகின என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பறவைகளைப் பாதுகாக்க வேண்டும், அதில் இரண்டாம் பேச்சில்லை. அவற்றைக் கடலின் நற்சான்றிதழாகக் காட்டக் கூடாது.

அலையாத்திக் காடுகளைப் பற்றி நிறைவான செய்தி சொல்ல முடிகிறது. 2005இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அவற்றை அழிப்பதற்குத் தடை விதித்தது. 2012இல் மாநில அரசு தனிப் பிரிவு ஒன்றை அமைத்தது. நிலத்தில் எல்லை குறிக்க முடிந்ததால் அங்கே சட்டம் பிடித்து நின்றது. கடலடிச் சேற்றுக்கு அப்படி வாதாட ஆளில்லை.

30 நவம்பர்

தாராவியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் எழுதியிருக்கிறார்: "சார், எங்கள் வீட்டிலிருந்து மாஹிம் கழிமுகம் நடை தூரம். நாங்கள் நான்கு பேர் இருக்கிறோம், கருவி எதுவும் இல்லை. எங்களால் என்ன செய்ய முடியும்?"

தம்பி, மாஹிம் பாலத்து நடைபாதையில் ஓர் இடத்தை முடிவு செய்துகொண்டு அதை மாற்றாதீர்கள். தண்ணீருக்குள் இறங்க வேண்டாம். கயிறு கட்டிய வாளி போதும், கையுறை கட்டாயம். மாதம் ஒரு முறை, துறைமுகத்தின் ஓத அட்டவணையைப் பார்த்து, வற்றம் முடிவதற்குச் சற்று முன்னும் ஏற்றம் முடிவதற்குச் சற்று முன்னும் இரண்டு வேளை போங்கள். வெப்பநிலை, நிறம், நாற்றம், மிதப்பது என்ன, கரைச் சேற்றில் நண்டு வளை இருக்கிறதா என்று எழுதுங்கள். ஆக்சிஜனுக்குக் கல்லூரியின் வேதியியல் கூடத்தைக் கேளுங்கள்; நான் சொன்ன புட்டியும் கரைசல்களும் அங்கே இருக்கும். படிவைக் கழிமுகத்திலேயே திரள வைத்துவிட வேண்டும், கூடத்துக்குப் போய் அல்ல. அதே நாளில் அதே இரண்டு வேளையில் உங்களில் இருவர் கழிவு குறைவாகச் சேரும் வேறோர் இடத்தில் நின்று அதையே செய்ய முடிந்தால், உங்கள் ஏட்டின் மதிப்பு பல மடங்காகும்.

இன்னொன்று. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் மாஹிம் கழிமுகத்தின் அளவுகளைத் தகவல் அறியும் உரிமையின்கீழ் கேளுங்கள். கேட்கும்போது தேதியை மட்டும் கேட்காமல், மாதிரி எடுத்த நேரம், ஓதம், ஆழம் ஆகியவற்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். அந்தப் பத்திகள் இல்லை என்று பதில் வந்தால், அந்தப் பதிலையே இங்கே போடுங்கள்.